சிவந்த மச்சமும் ஈரலிற் கண்ட புள்ளியும்

இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் இரண்டினை ஒருங்கே வைத்து விடையெழுத எண்ணியுள்ளோம். முதலாவது வடமராட்சியிலிருந்து ஓர் இளந்தாய் எழுதியது. மற்றையது மட்டக்களப்புப் பகுதியிலுள்ள ஓர் ஆசிரியையிடமிருந்து வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இருவரது உறக்கத்தையும் கெடுத்திருப்பது வைத்தியர்கள் எழுதிய ஒரே சொல்லேயாகும். 'ஹெமாஞ்சியோமா' என்பதே அச்சொல். குருதிக்குழாய்கள் மிகுந்து திரண்டமையால் உண்டாகும் தீங்கற்ற கட்டி என்று அதற்குப் பொருள் கூறலாம்.

இளந்தாயின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அவரது முதற்குழந்தை பெண். இப்பொழுது மூன்று மாதம் நிறையப் போகிறது. பிறந்தபோது மேனியில் ஒரு குறையும் இருக்கவில்லை. பதினைந்தாம் நாளளவில் இடக்கண்ணின் மேலிமையில் குங்குமப் பொட்டுப்போல ஒரு சிவப்புத் தோன்றிற்று. அது நாளுக்கு நாள் தடித்து, இன்று பாதிக் கொவ்வைப்பழத்தை ஒட்டிவைத்தாற்போல இருக்கின்றதாம். கருவுற்றிருந்த காலத்திற் கிரகண வேளையில் மருமகள் காய் நறுக்கியதே காரணம் என்கிறார் மாமியார். நூலாற் கட்டிவிட்டால் உதிர்ந்துவிடும் என்கிறார் அயல்வீட்டு ஆச்சி. மூன்றாவது ஒருவர், "இவையெல்லாம் தாமே மறைந்துபோகும், சும்மா விடு" என்று தேற்றியிருக்கிறார். "இவர்களுள் யார் சொல்வதைக் கேட்பது?" என்பதே அத்தாயின் வினா.

மூன்றாமவர் கூறியதிற் பெரும்பாலும் உண்மை உண்டு. எனினும் இக்குழந்தையைப் பொறுத்தமட்டில் அதுவே மிகவும் அபாயமான ஆலோசனை. இதற்கான காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

நூறு குழந்தைகளிலே ஏறத்தாழ நான்கு ஐந்து பேருக்கு இத்தகைய சிவந்த மச்சம் உண்டாகிறது. பெண் குழந்தைகளிடத்தே அதிகம். குறைமாதத்திற் பிறந்தோரிடத்தும் நிறை குறைந்து பிறந்தோரிடத்தும் இன்னும் அதிகம். கிரகணத்துக்கு ஆண் பெண் என்ற பேதம் ஏது? நிறைமாதம் குறைமாதம் என்று பார்த்துத்தான் இராகுவும் கேதுவும் தீண்டுவார்களா? 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கங்கண சூரிய கிரகணம் வட இலங்கையிலே தெரிந்தது. அன்று வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்ட கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். வெயிலில் வெறுங்கண்ணாற் சூரியனைப் பாராதிருப்பது நன்றே. ஆனால் குழந்தையின் தோலிலே எழும் மச்சத்துக்குத் தாயின் கத்தியைக் குறைகூறுவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. இதனை அந்த மாமியாருக்கு மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஐரோப்பியரும் இவ்விடயத்தில் நமக்கு இளைத்தவரல்லர். கர்ப்பிணியின் நிறைவேறாத ஆசை குழந்தையின் மேனியிற் பழத்தின் உருவாகப் படிந்துவிடும் என்று அவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர்.

உண்மையில் நிகழ்வது யாதெனில், குருதிக்குழாய்களின் உட்சுவராக அமைந்த மெல்லிய உயிரணுக்கள் பிறந்த சில வாரங்களுக்குள் மிக வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அவ்வாறு பெருகிய அணுக்கள் புதுப்புதுக் குழாய்களாகின்றன. அவற்றில் ஓடும் குருதியே அந்தச் செந்நிறம். ஏன் பெருகுகின்றன என்பது முற்றாகத் துலங்கவில்லை. எனினும் 2000ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒரு சுவையான உண்மையைக் கண்டனர். இக்கட்டியின் அணுக்களிலே 'குளுட்-1' எனப்படும் ஒரு புரதம் காணப்படுகிறது. சாதாரணத் தோலின் குருதிக்குழாய்களில் அது இல்லை. தாயின் வயிற்றிலே குழந்தையைப் போஷித்த நஞ்சுக்கொடியின் குருதிக்குழாய்களில் உண்டு. நஞ்சுக்கொடியைப் போலவே இக்கட்டியும் வளர்வதற்கு ஒரு காலமும் ஒடுங்குவதற்கு ஒரு காலமும் உடையதாயிருப்பது நோக்கத்தக்கது.

வளருங் காலம் குறுகியது. ஐந்தாவது மாதம் நிறையுமுன்னரே வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒடுங்குங் காலமோ நீண்டது. முதலாவது பிறந்தநாளை அண்டி நடுவிலே சாம்பல் நிறம் பரவத் தொடங்கும். கட்டி மெல்ல மெல்லத் தளர்ந்து, குழந்தை பாடசாலைக்குப் போகும் பருவத்திற் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலருக்குத் தோல் சற்றுத் தொய்ந்தோ மெல்லிய தழும்புடனோ காணப்படலாம். 1938ஆம் ஆண்டிலேயே லிஸ்டர் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய குழந்தைகளை ஆண்டுக்கணக்கிற் கவனித்து, மருந்தின்றியே இவை மறைகின்றன என்று எழுதினார்.

அவர் சொல்லை உலகம் உடனே கேட்டிருந்தால் எத்தனையோ துன்பங்கள் நேர்ந்திரா. சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் 1920 முதல் 1959 வரையுள்ள காலத்தில் 14,000க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, தாமே மறையவிருந்த இந்த மச்சங்களைப் போக்கும்பொருட்டு ரேடியக் கதிர் பாய்ச்சப்பட்டது. அக்குழந்தைகள் வளர்ந்து முதியவரான பின் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, தைரொயிட் சுரப்பியிலும் மார்பிலும் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகமாகத் தோன்றியிருப்பது தெரியவந்தது. அந்த வைத்தியர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்தாரில்லை; தம் காலத்தின் உயர்ந்த சிகிச்சை என்று நம்பியே செய்தனர். நூல் கட்டச் சொல்லும் ஆச்சியும் நல்லெண்ணத்துடனேதான் சொல்கிறார். ஆனால் பாலுண்ணிக்குத் தலைமயிர் கட்டுவதுபோலக் குருதி நிறைந்த கட்டிக்கு நூல் கட்டுவதும், சுண்ணாம்பு பூசுவதும், சூடு வைப்பதும் புண்ணையும் சீழையும் ஆறாத வடுவையும் உண்டாக்குமேயன்றி வேறு பயன் தரா. தாய்மார்கள் இதற்கு ஒருபோதும் இணங்கலாகாது.

அப்படியானால் சும்மா விடுவதுதானே சரி என்று வாசகர்கள் கேட்கலாம். முதுகிலோ கையிலோ வயிற்றிலோ உள்ள சிறிய மச்சமானால் ஆம் என்போம்.

வடமராட்சித் தாயின் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறெதையோ கூறும்போது இடையிலே ஒரு வரி வருகிறது: "தூங்கி எழுந்தால் அந்தக் கண்ணை மற்றக் கண்ணளவுக்குத் திறக்கிறாளில்லை." அவர் இதனைப் பெரிதாக நினைத்து எழுதவில்லை. நாம் அந்த வரியைப் படித்தவுடன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டோம். சிசுவின் கண் பிறந்தவுடனே முழுமையாகப் பார்க்கக் கற்றிருப்பதில்லை. வெளிச்சமும் உருவமும் கண்ணுக்குள் விழ விழவே மூளை பார்வையைக் கற்றுக்கொள்கிறது. இமையிலுள்ள கட்டி கண்மணியை மறைத்தாலும், மறையாமலே கண்கோளத்தை அழுத்தி அதன் வளைவை மாற்றினாலும், அக்கண்ணிலிருந்து தெளிவான உருவம் மூளைக்குச் செல்லாது. மூளை நாளடைவில் அக்கண்ணைப் புறக்கணித்துவிடும். நான்கு வயதிற் கட்டி மறையும். பார்வை திரும்பாமற் போகலாம். ஆகவேதான் அத்தாய்க்கு இப்பத்தி அச்சாகும்வரை காத்திராமல், அன்றே தனியாகக் கடிதம் எழுதி, அந்த வாரத்திலேயே கண் வைத்தியரையும் குழந்தை வைத்தியரையும் காணும்படி கேட்டுக்கொண்டோம்.

கண்ணைப் போலவே வேறு சில இடங்களும் பொறுத்திருக்கத் தகாதவை. உதட்டிலும், ஈரத்துணி உராயும் அரைப்பகுதியிலும் உள்ள கட்டி புண்ணாகிக் குழந்தையை வருத்தும். தாடி முளைக்கும் பகுதியிற் பரந்திருந்தால் மூச்சுக்குழாயின் உள்ளேயும் ஒன்று இருக்கக்கூடும். அப்பொழுது சுவாசிக்கும்போது இரைச்சல் கேட்கும். முகத்தின் ஒரு பக்கத்தையே மூடுமளவு பெரிதாயினும், முதுகின் அடியில் முள்ளந்தண்டின் மேற் பரந்திருந்தாலும் உள்ளுறுப்புகளைச் சோதித்தல் வேண்டும். மேலும் ஒன்று: தோலில் இத்தகைய மச்சங்கள் ஐந்தோ அதற்கு மேலோ உள்ள சிசுவுக்கு ஈரலிலும் இருக்கக்கூடுமாதலால், வயிற்றை ஒருமுறை ஸ்கான் செய்து பார்ப்பது வழக்கம். ஈரல் முழுவதும் அவை பரவியிருந்தால், அவற்றினூடே பாயும் மிகுந்த குருதியைத் தள்ளித் தள்ளி இருதயம் களைத்துப்போகலாம். அன்றியும் அக்கட்டிகள் தைரொயிட் ஹோமோனை அழிக்கும் ஒரு நொதியத்தை உண்டாக்குவதால், குழந்தையின் மூளை வளர்ச்சியும் தடைப்படலாம். இது மிக அரிது. ஆனால் கண்டறிந்தால் மருந்துண்டு.

கட்டி கீறுபட்டுக் குருதி கசிந்தால் வீட்டார் பதறிவிடுகின்றனர். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பாராமல், அழுத்திப் பிடித்தாற் பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி மருந்தைப் பற்றிக் கூறுவோம். அது கிடைத்த கதையே ஒரு விந்தை. ஜேம்ஸ் பிளக் என்னும் ஸ்கொட்லாந்து அறிஞர் 1960களில் இருதய நோயாளருக்காகப் புரொப்பிரனலோல் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1988இல் நோபெல் பரிசும் பெற்றார். அதற்கும் குழந்தையின் மச்சத்துக்கும் தொடர்பிருக்கும் என்று எவரும் கனவிலும் எண்ணவில்லை. பிரான்சின் போர்தோ நகரிலே, மூக்கிற் பெரிய கட்டியுடன் ஒரு குழந்தை சிகிச்சை பெற்று வந்தது. அக்காலத்து வழக்கப்படி கொடுத்த ஸ்டீரொயிட் மருந்தினால் அதன் இருதயத் தசை தடித்துவிட்டது. இருதயத்தைக் காக்கும்பொருட்டுப் புரொப்பிரனலோல் கொடுத்தார்கள். மறுநாளே மூக்கின் மேலிருந்த கட்டி செக்கச் சிவந்த நிறம் மாறி ஊதாவாகி, தொட்டபோது மிருதுவாயிருந்தது. கிறிஸ்தீன் லெயோத்தே-லப்ரேஸ் என்ற தோல் வைத்திய நிபுணர் அதனைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, பதினொரு குழந்தைகளின் விபரத்தை 2008இல் வெளியிட்டார். பின்னர் பெருமளவில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த சோதனையில், ஆறு மாதம் இம்மருந்து பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்குக் கட்டி முற்றாகவோ ஏறக்குறைய முற்றாகவோ மறைந்தது. வெறும் போலிமருந்து பெற்றோரில் நூற்றுக்கு நால்வருக்கே மறைந்தது. கண்ணுக்குமுன் வந்த வேறொரு பொருளைக் கவனித்த அந்த அம்மையாரின் கூர்மையை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆயினும் இது கடையில் வாங்கி ஊட்டும் மருந்தன்று. நாடித்துடிப்பைக் குறைக்கும், இழுப்பு உள்ள குழந்தைக்கு ஆகாது, வெறும் வயிற்றிற் கொடுத்தாற் குருதியிலே சர்க்கரை தாழ்ந்து குழந்தை மயங்கக்கூடும். பால் குடித்தபின்பே கொடுக்கவேண்டும். வாந்தியாலோ சுரத்தாலோ பால் குடியாத நாளில் நிறுத்திவைத்து வைத்தியரைக் கேட்கவேண்டும். கட்டி வளரும் மாதங்களிற் கொடுத்தாலே முழுப்பயன் உண்டு. எனவே இடம் ஐயத்துக்குரியதாயின் ஒரு மாத வயதிலேயே காட்டுவது நல்லது. தாய்மார்கள் பெரும்பாலும் ஆறாம் ஏழாம் மாதத்திலே, கட்டி வளர்ந்து முடிந்தபின் வருகின்றனர்.

சிவந்த அடையாளங்கள் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவல்ல என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். பிறக்கும்போதே தட்டையாகத் திராட்சைரச நிறத்தில் உள்ள படலம் வேறு. சோவியத் தலைவராயிருந்த கொர்பச்சேவின் நெற்றியில் உலகமே கண்டது அதுதான். அது வளர்ந்து மறைவதன்று. ஆயுள் முழுதும் இருப்பது. நெற்றியிலும் மேலிமையிலும் அத்தகைய படலம் இருந்தாற் கண்ணழுத்தத்தையும் வலிப்பையும் குறித்து வைத்தியர் சோதிப்பர். இவ்விரு இனங்களையும் தெளிவாகப் பிரித்து வகுத்தது 1982இல் அமெரிக்கரான மலிக்கனும் குளோவக்கியும் எழுதிய கட்டுரையாகும். முப்பது வயதுக்குமேல் மார்பிலும் முதுகிலும் குன்றிமணிச் சிவப்பிலே தோன்றும் சிறு பொட்டுகளோ, வயதின் அடையாளமேயன்றி நோயன்று. காம்பெல் டி மோர்கன் என்னும் இலண்டன் சத்திரவைத்தியர் 1872இல் அவற்றைப் புற்றுநோயின் அறிகுறி என்று கருதினார். அவர் கருத்துப் பிழையாயிற்று. பெயர் மட்டும் அப்பொட்டுகளுக்கு நிலைத்துவிட்டது.

ஆசிரியையின் கடிதத்துக்கு வருவோம். அவருக்கு வயது நாற்பத்தாறு. வயிற்றெரிவுக்காக ஸ்கான் எடுத்தார். ஈரலின் வலப்பக்கத்தில் மூன்று சென்றிமீற்றர் அளவான ஒரு 'ஹெமாஞ்சியோமா' இருப்பதாக அறிக்கை கூறிற்று. அறிக்கையை உறையிலிட்டுக் கொடுத்தவர் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. சொல்லின் ஈற்றிலுள்ள 'ஓமா' என்பதைப் பார்த்து அவர் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அலுமாரியிற் சேலைகளுக்கு அடியில் உறையை ஒளித்துவைத்து, கணவருக்கும் சொல்லாமல், மூத்த மகளின் கலியாணத்தை முந்தி நடத்திவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை என்று எழுதுகிறார். நோயாளியின் கையிற் காகிதத்தைக் கொடுப்பதற்கும் செய்தியைக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை இத்தொழிலில் உள்ளோர் எப்பொழுது உணர்வார்களோ!

அம்மையே, உங்கள் ஈரலிற் கண்டது புற்றுநோயன்று. 'ஓமா' என்பது கட்டி என்னும் பொருளைத் தருவதேயன்றிக் கொடுமையைக் குறிப்பதன்று. ஈரலில் உண்டாகும் தீங்கற்ற கட்டிகளுள் மிகச் சாதாரணமானது இதுவே. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பெண்களிடத்தே அதிகமாகக் காணப்படுகிறது. முற்காலத்தில் இதனோடு எண்பது ஆண்டு வாழ்ந்து, வேறெதனாலோ மாண்டவர்கள் தமக்கு இது இருந்ததை அறியாமலே போயினர். ஸ்கான் கருவி வந்தபின்தான் கண்ணிற் படுகிறது.

குழந்தையின் தோலில் வருவதற்கும் இதற்கும் பெயர் ஒன்றேயாயினும் உறவு இல்லை. ஈரலில் உள்ளது கடற்பஞ்சு போன்றது. மெல்லிய சுவர்களாற் பிரிந்த சிற்றறைகளில் குருதி மெல்ல மெல்ல ஊறி நகரும். அந்த மெதுவான நடையே இதன் அடையாளமுமாகும். நாளத்தில் ஒரு வர்ண மருந்தைச் செலுத்தி சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால், முதலில் விளிம்பிலே திட்டுத் திட்டாகத் தோன்றி, சில நிமிடங்களில் நடுவை நோக்கி நிறைவதைக் காணலாம். சாதாரண ஸ்கானில் இது தெளிவான எல்லையுடன் வெண்ணிறமாகத் தெரியும். ஊசியாற் குத்திச் சதைத்துணுக்கு எடுப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பர், குருதி பெருகக்கூடும்.

இது புற்றுநோயாக மாறுவதில்லை. ஐந்து சென்றிமீற்றருக்கு உட்பட்டவற்றுக்கு வழக்கமாக எச்சிகிச்சையும் வேண்டியதில்லை. தானே வெடிப்பது மிகமிக அரிது. பத்தியமும் இல்லை; வீட்டுவேலையை நிறுத்தவும் வேண்டாம். பத்துச் சென்றிமீற்றரையும் தாண்டி வளர்ந்து, வயிறு நிறைந்த உணர்வையும் நோவையும் கொடுக்கும் சிலருக்கே சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பர். மூன்று சென்றிமீற்றர்க் கட்டி வயிற்றெரிவை உண்டாக்குவதில்லை. எரிவுக்குக் காரணத்தை இரைப்பையிலோ பித்தப்பையிலோ தேடுவதே முறை. ஈரலைக் கண்டு பயந்து, எதற்காகப் போனீர்களோ அதனை மறந்துவிட்டீர்கள்.

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. ஹெப்பற்றைற்றிஸ் பி நோயோ, ஈரல் சுருங்கிக் கட்டியாகும் நோயோ, முன்னர் எவ்வுறுப்பிலாவது புற்றுநோயோ கொண்டவரின் ஈரலிற் புள்ளி தென்பட்டால், சாதாரண ஸ்கானை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. மேற்கூறிய படம் எடுத்து நிச்சயித்தல் வேண்டும். அதுபோலவே, தோலிலே நடுவில் ஒரு செம்புள்ளியும் சுற்றிலும் சிலந்திக்கால் போன்ற நுண்ணிய கோடுகளுமாக, நடுவை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மீண்டும் சிவக்கும் அடையாளங்கள் பல தோன்றினால் அவை ஹெமாஞ்சியோமா அல்ல. கர்ப்பிணிகளுக்கு அவை வந்து போகும். மது அருந்துவோரின் மார்பிலும் தோளிலும் அவை பெருகினால் ஈரல் கெட்டிருப்பதை அறிவிக்கக்கூடும்.

ஆசிரியை தம் கடிதத்தில் மேற்கூறிய நோய் எதுவும் தமக்கு இருந்ததாக எழுதவில்லை. உறையை அலுமாரியிலிருந்து எடுத்துக் கணவரிடம் கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் சென்று இவற்றையெல்லாம் கேட்டு நிச்சயித்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். மகளின் கலியாணம் அதற்குரிய நாளில் நடக்கட்டும்.

இதனை எழுதி முடிக்கும் வேளையில் வடமராட்சியிலிருந்து மறுகடிதம் வந்தது. கண் வைத்தியரும் குழந்தை வைத்தியரும் பார்த்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்தைத் தொடங்கினார்களாம். இன்று ஒன்பதாம் நாள். கொவ்வைப்பழம் வாடிய நாவற்பழ நிறமாகிவிட்டது. இமை ஒரு நெல்லளவு கூடுதலாகத் திறக்கிறது. பார்வை எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது என்பதை அடுத்த மாதமே சொல்லமுடியும் என்று கண் வைத்தியர் கூறியிருக்கிறார். மாமியார் கிரகணப் பேச்சை இன்னும் விட்டபாடில்லையாம். ஆனால் ஒவ்வொரு வேளையும் மருந்துப் புட்டியை எடுக்குமுன், "பிள்ளை வயிறாரக் குடித்தாளா?" என்று முதலிற் கேட்பவர் அவரேயாம்.